பதினாறரைப் பாகம்

பனைமரத்தொட்டி, நாலாவது சந்து.
தெருவிலிருந்து பதினைந்து மீட்டர் தெக்லாவுக்கு.
பின்மதிலிலிருந்து பதினைந்து மீட்டர் இஞ்ஞாசிக்கு.
நடுவில் நெஞ்சளவு உயரத்தில் இரண்டு சுவர்.
இரண்டுக்கும் இடையில்
பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இல்லாத ஓர் இடுக்கு.
பூனை நேராகப் போகும்,
திரும்ப முடியாது.

தெக்லாவுக்கு அதில் பைப் இறக்க வேண்டும்.
இஞ்ஞாசிக்கு அதில் ஒன்றும் வேண்டாம்,
அக்காவுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

தாலுகா ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன்.
இரும்பு நாடா, கால்குலேட்டர், குடை.
மே மாத வெயிலில் நாடாவே
ஏழு மில்லிமீட்டர் நீளும்.
பரங்கிமலை அடிவாரத்தில் அந்தக் காலத்தில் அளந்தவர்கள்
சங்கிலிக்குக் கூடாரம் போட்டார்களாம்.
இழுத்தவர்களுக்குப் போட்டார்களா, தெரியவில்லை.

பழைய புலப்படத்தில் நீளம் நூற்றைம்பது லிங்க்.
ஒரு லிங்க் ஏழு புள்ளி ஒன்பது இரண்டு அங்குலம்,
யார் உடம்பிலும் இல்லாத அளவு.
சாணுக்கு விரல் விரிந்தால் போதும்,
முழத்துக்கு முழங்கை.
லிங்குக்கு நூறு கண்ணி வைத்த சங்கிலியும்
அதன் இரு முனைக்கு இரண்டு கூலியாட்களும் வேண்டும்.

சென்டிமீட்டரில் அது
இருபது புள்ளி ஒன்று ஒன்று ஆறு எட்டு.
பத்திரம் எழுதியவர் இருபதோடு நிறுத்திவிட்டார்.
சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கும்.
வால்தானே என்று நினைத்திருப்பார்.
வாலை நூற்றைம்பதால் பெருக்கினேன்:
பதினேழரை சென்டிமீட்டர்.
ஒன்பது விரற்கடை,
சாணுக்கு மூன்று விரல் குறைவு.
பூனை போகிற இடம்.

"அப்போ கவுருமெண்டு தப்பு," என்றார் இஞ்ஞாசி,
சந்தோஷமாக.
தெக்லாவும் தலையாட்டினார்.
ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனார்கள்.

பிறகு அவர் உள்ளே போய்
மூலப் பத்திரத்தை எடுத்துவந்தார்.
பின்பக்கம் பென்சிலில், அப்பா அந்திரேயாவின் எழுத்து:
நெடுக்க 16½ பாகம்.

இது பங்குப் பாகம் இல்லை, கடல் பாகம்.
இரண்டு கையையும் விரித்தால்
இந்த நுனியிலிருந்து அந்த நுனி.
கயிறும் அதில்தான், ஆழமும் அதில்தான்.
ஆறடிக்கு ஒன்று என்று போட்டேன்,
தொண்ணூற்றொன்பது அடி வந்தது.
லிங்கிலிருந்து வந்தாலும் தொண்ணூற்றொன்பது.
நம்பாமல் இன்னொரு முறை அழுத்தினேன்.

"நைனாவுக்கு அவ்ளோ கை கெடையாது," என்றார் தெக்லா.
"என்னிய விட குள்ளம்."
அப்படியானால் அளந்ததில்லை.
சர்வேயர் சொன்ன அந்நிய எண்ணை
வீட்டுக்கு வந்து, பென்சிலைச் சீவி,
தனக்குப் புரிகிற ஆழத்துக்கு
மாற்றி வைத்திருக்கிறார்.
ஒரு லிங்க் பிசகாமல்.

இஞ்ஞாசி எதுவும் சொல்லவில்லை.
பின்மதிலில் ஒரு கையை ஊன்றி
பக்கச்சுவரோடு ஒட்டிக்கொண்டு
கைகளை விரித்தார். ஒன்று.
விரல் விட்ட இடத்தில் விரல் வைத்து, இரண்டு.
ஐஸ் வண்டி ஒன்று சந்துக்குள் வழி கேட்டு ஹாரன் அடித்தது.
ஒன்பதாவதில் வலது கை
இரண்டு சுவரையும் தாண்டி
அக்காவின் கொடியில் காய்ந்த போர்வைமேல் விழுந்தது.
அப்படியே நின்றார்.
"எண்ணு," என்றார்.
"ஒம்போது," என்றார் தெக்லா. "கைய எட்றா."

அரைப் பாகம் எங்கே முடியும் என்று கேட்டேன்.
போர்வையை விடாமலே
மற்ற கையால் நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினார்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அறிக்கையில் எழுதினேன்: 30.18 மீட்டர்.
சரியான கணக்கு 30.1752.
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான் அனுமதி.
கூடப் போனது
ஓர் அரிசி நீளம்.
யார் பக்கம் என்று
இன்னும் இருவரும் கேட்கவில்லை.