எண்பத்து நான்கு நாள்

கட்டபெட்டு முக்கில் போஜராஜின் கடை.
கண்ணாடிக்கு அடியில் போன் உறைகள், கொசு பேட்,
வாசலில் அவன் அண்ணி இறக்கிவைத்த கேரட் மூட்டை.
டிசம்பர் இருபத்தெட்டு. சனிக்கிழமை.
என் பிளான் நேற்று நள்ளிரவோடு முடிந்தது.

"சிஸ்டர், இந்தத் தடவை போஸ்ட்பெய்டுக்கு மாறிடுங்க.
முதல்ல பேசுங்க, அப்புறம் குடுங்க.
மிஞ்சின டேட்டா அடுத்த மாசத்துக்கு வரும்.
தேதி தவறினாலும் உடனே வெட்டமாட்டான்,
ரெண்டு மூணு நாள் பொறுப்பான்."

பொறுப்பான் என்ற சொல்
கொஞ்ச நேரம் பிடித்திருந்தது.
பால்காரர் பொறுப்பார். சீட்டுக்காரி பொறுக்கமாட்டாள்.
என் ஆர்டரில் வேறு மாதிரி எழுதியிருக்கும்:
முற்றிலும் தற்காலிகமானது.
எந்த நேரத்திலும், முன்னறிவிப்பு இன்றி.

பதினொரு மாதம் நான் நர்ஸ்.
பன்னிரண்டாவதில் வீட்டில் துணி துவைப்பேன்,
பிறகு மறுபடியும் நர்ஸ்.
ஆறு வருஷமாக இப்படி.
ரீசார்ஜ் மட்டும் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை
தவறாமல் வரும், தூரம் வருகிற மாதிரி.
சம்பளம் பதினொன்று, ரீசார்ஜ் பதின்மூன்று.

கர்ப்பிணிகளின் எடை, பிரஷர், ரத்தத்தின் அளவு
எல்லாவற்றையும் அரசாங்கத்துக்கு
என் காசில்தான் அனுப்புகிறேன்.
சென்டரில் ஒரு கோடு சிக்னல்.
தண்ணீர்த் தொட்டி வரை ஏறினால் மூன்று.
தொட்டியருகே காட்டெருமை நின்றால்
அது போகும்வரை தேயிலைக்குள் நிற்பேன்,
சுமித்ராவின் ஹீமோகுளோபின் கையில் இருக்கும்.

ஒன்றரை ஜிபியில் பாதி தினமும் மிஞ்சுகிறது.
வீணாக்க மனமில்லாமல் பதினொன்றரைக்குப் படுத்தபடி
ஈரோட்டு ஜவுளிக்கடை வீடியோ பார்ப்பேன்,
ஒருத்தி சேலை சேலையாக உதறிக்கொண்டேயிருப்பாள்.
பன்னிரண்டு அடித்தால் மிச்சமெல்லாம் போயிற்று.
வெளியே முட்டைக்கோஸ் மேல்
உறைபனி இறங்கிக்கொண்டிருக்கும்.

போஜராஜ் கேட்காமலே நிரப்ப ஆரம்பித்துவிட்டான்.
"பேரு?"
யோகராணி.
"அப்பா பேரு?"
சவரிமுத்து.
"நிரந்தர முகவரி?"

ஆதாரில் இருப்பது லைன் எட்டு, கதவு மூன்று.
அப்பா டீ தோட்டத்தில் ரிடையர் ஆன மூன்றாம் மாதம்
சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.
இப்போது ஜார்க்கண்ட் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
அம்மா நட்ட சௌசௌ கொடி இன்னும் காய்க்கிறதாம்,
அதை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லையாம்.

"பில்லு அங்கேயா போகும்?"
"பில்லு போன்லயே வரும் சிஸ்டர்.
இது சும்மா ஒரு அட்ரஸ்."

சும்மா ஒரு அட்ரஸ்.

"விடு" என்றேன். "மார்ச் ஒன்பது வரைக்கும் எத்தனை நாள்?"
கால்குலேட்டரை எடுத்தான், காலண்டரைப் பார்த்தான்,
"எழுபத்தொண்ணு. ஏன்?"
"என் ஆர்டர் அன்னிக்கு முடியுது."
"எழுபத்தொண்ணுக்கு எவனும் பிளான் போடல.
ஐம்பத்தாறு இருக்கு. எண்பத்து நாலு இருக்கு."

ஐம்பத்தாறு மலிவு. நியாயமும் அதுதான்.
மீதிப் பதினைந்து நாளுக்குச்
சின்னதாக ஏதாவது போட்டுக்கொள்ளலாம்.
ஆனால் சுமித்ராவுக்குச் சொன்ன நாள் மார்ச் பதினேழு.
அன்றைக்கு நான் நர்ஸ் இல்லை.
அது அவளுக்குத் தெரியாது.
மூத்தவனுக்கு வலி எடுத்தபோது ராத்திரி இரண்டு மணி,
ஒரசோலையிலிருந்து அவள் கூப்பிட்டது என்னைத்தான்.
அவளிடம் இருப்பது இந்த நம்பர்.

"எண்பத்து நாலே போடு."

எண்ணூற்றுச் சொச்சம்.
பர்ஸில் இருந்த கேஸ் சிலிண்டர் பணம்.
போஜராஜ் ஐந்நூறு ரூபாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்,
தெரிந்தவர்கள் தாளையும் அப்படித்தான் பார்ப்பான்.

கடைசி பஸ்ஸில் மெசேஜ் வந்தது.
செல்லுபடி மார்ச் 22 வரை.
ஆர்டருக்கு அப்பால் பதின்மூன்று நாள்,
என் கைக்காசில் நானே போட்டுக்கொண்டது.

வளைவு திரும்பியதும் சிக்னல் போயிற்று.
கண்டக்டர் சில்லறை கேட்டார்.