சன்னல் உள்ள அறைகள்

டண்டியிலிருந்து எல்ஸ்பெத் லேர்டு அனுப்பிய தாளில்
ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று,
ஏப்ரல் மாதத்து ஞாயிறு இரவு.
தகப்பன் சணல் ஆலை. தாய் சணல் ஆலை.
மூத்தவள் சணல் ஆலை.
அலெக், வயது ஒன்பது, பள்ளிக்கூடம்.
இன்னும் இரண்டு பொடிசுகள்.
கடைசிக் கட்டத்தில் அரசாங்கம் கேட்டிருக்கிறது
சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று.
ஒன்று.

அடுத்த கணக்கெடுப்பில் அலெக் மெக்கானிக்.
அதற்கடுத்ததில் ஆள் இல்லை.
மெட்ராஸில் பஞ்சாலை, பெரம்பூர்,
என்று யாரோ யாருக்கோ எழுதிய கடிதத்தில்
ஒரு வரி கிடைத்ததாம்.
தேடித் தர முடியுமா, ஐயா?

நான் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் எழுத்தர்.
பாதிச் சம்பளம் பதிவெழுத,
மீதி கரையான் ஓட்ட.
ஐஸ் லாரிகள் போகும்போது
அலமாரியில் நூறு வருஷம் கடகடவென்று ஆடும்.

லேர்டு என்று தேடினால் அவன் இல்லை.
லார்டு இல்லை, லெயர்டு இல்லை.
எனக்கு நாலு தலை முந்திய எழுத்தர்
காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்:
அலெக் லேட்.
வாய்விட்டுச் சிரித்தேன்.
இந்தப் புத்தகத்தில் லேட் ஆகாதவர் யார்?

தொண்ணூற்றாறு ஜூலை. காய்ச்சல்.
வயது ஏறத்தாழ முப்பத்துநாலு.
குழிக் கட்டணம் இரண்டு ரூபாய் எட்டணா.
தகவல் சொன்னவர் என்ற இடத்தில்
ஒரு கூட்டல் குறி,
பக்கத்தில் எழுத்தரின் கையில்: அவள் கீறியது.

கல்லைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள் எல்ஸ்பெத்.
கல் ஏது?
இடம் போதாத ஊர், பழைய குழிதான் திரும்பத் திறக்கும்.
இப்போது அதில் துறைமுகத்துக் கிரேன் இன்னாசி,
மேலே கறுப்பு கிரானைட், போட்டோவோடு.
அவர் சம்சாரம் டெல்பின் மெழுகுவர்த்தி ஏற்ற வந்தபோது
விஷயத்தைச் சொன்னேன்.
"அடியில வெள்ளக்காரன் கீறானா?" என்றாள்.
கொஞ்ச நேரம் தரையையே பார்த்தாள்.
"வாடகை எதுனா குடுப்பாங்களா, கேளு."

எல்ஸ்பெத்துக்கு எட்டுத் தலைமுறை மனப்பாடம்.
லேர்டு, லேர்டு, லேர்டு என்று
கிணற்றுக்குள் விட்ட கயிறு மாதிரி.
நான் த. ஞானாபரணம்.
த என்றால் தாவீது, என் அப்பா.
அப்பாவின் இனிஷியல் ம.
ம என்றால் மாசிலாமணியா, மரியானா, மண்ணாங்கட்டியா,
கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.
இனிஷியல் பஸ் டிக்கெட் மாதிரி,
இறங்கியதும் செல்லாது.

அந்தக் கூட்டல் குறி யாருடையது என்று
மறுபடி எழுதினாள்.
பக்கத்துக்கு ஏழெட்டுக் கூட்டல் குறி இருக்கும் அம்மா, என்று
பதில் எழுதப் போனவன் நிறுத்தினேன்.
ஒன்று மாதிரி ஒன்று இல்லை.
ஒருத்தி அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது.
ஒருத்தன் குறுக்குக் கோட்டை மறந்தே போயிருக்கிறான்.
அலெக்கின் குறி இடப்பக்கம் சாய்ந்தது,
கால் நீண்டது, முனையில் ஒரு சின்னச் சுழி.
கையெழுத்துத்தான் அது.

மூன்று வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டினேன்.
தொண்ணூற்றொன்பது மார்ச்.
அதே சாய்வு, அதே சுழி.
பெண் குழந்தை, வயது மூன்று, வயிற்றுப்போக்கு.
கட்டணம் தள்ளுபடி.
தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்
லேட்
என்று மட்டும் இருந்தது.

அவன் பெயரா,
அவன் நிலையா?

இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன்.
விளக்கம் எழுதவில்லை.
குழந்தையின் பெயரைக் கேட்டு
அவள் கட்டாயம் எழுதுவாள்.
அந்த இடத்தில் பூச்சி தின்ற ஓட்டை,
ஒரு விரல் நுழையும்.
கண்ணை வைத்துப் பார்த்தால்
அடுத்த பக்கத்தில் யாருடைய கணக்கோ,
எட்டணா என்று தெரிகிறது.