உள்ளங்கைக் கணக்கு

விழித்ததும் எழும்பாதே.
மணிக்கட்டில் இரண்டு விரல் வை,
ஒரு நிமிடம் எண்ணு,
எண்ணியதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வா.
இவ்வளவுதான் சொல்லியிருந்தேன்.

ஐந்து பத்துக்கு மைதானம்.
மேற்குக் கம்பிவேலியோரம் மான்கள்
இன்னும் எழும்பவில்லை.
ஏழு பிள்ளைகள் கை விரித்து நிற்பார்கள்,
நீல மையில் ஏழு எண்கள்.
வழமையைவிடப் பத்துக் கூடினால்
அன்றைக்கு ஓட்டமில்லை, இரு.
இருக்க ஒரு வாங்கும் போட்டிருந்தேன்:
கழிப்பறைச் சுவரோடு,
ஓடுகிறவர்களைப் பார்த்தபடி.

கெட்டிக்காரிகள்.
இரண்டாம் கிழமையே எல்லா இதயமும் திருந்திவிட்டது.
ஜெனோசாவுக்கு அறுபது. சந்தமாலிக்கு ஐம்பத்தெட்டு.
ரிஸ்லாவுக்குப் பதினொரு நாளும்
ஐம்பத்து நான்கு.
காய்ச்சல் வந்த அன்றும் பவிஷ்ணா
அறுபத்திரண்டுதான் எழுதியிருந்தாள்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
வாங்கு காலி.
அட்டவணை பார்க்க அழகாய் இருந்தது.
எனக்கு அப்போதே உறைத்திருக்க வேணும்.

பன்னிரண்டாம் நாள்
ஐந்தாவது நானூறில்
வளைவு திரும்புகிற இடத்தில் ரிஸ்லா
பஸ்ஸுக்கு நின்று களைத்தவள்போல்
தடத்திலேயே மெல்லக் குந்தினாள்.
கையைப் பிடித்தேன். வியர்வையில்
ஐம்பத்து நான்கு கரைந்தது.
அதன் அடியில் ஒரு வெட்டுக் கோடு,
கோட்டின் அடியில் எழுபத்தொன்று.

"எங்கட ஜமாலியாப் பக்கம்
குழாயில தண்ணி ரெண்டு மணிக்குத்தான் டீச்சர்.
பதினாலு கான் நிரப்பணும்.
பிறகு படுத்தா சுபஹுக்கு எழும்பேலாது.
அதால படுக்கிறல்ல."
"ஏன் சொல்லல்ல?"
வாங்கைப் பார்த்தாள்.

இருபத்தாறு வருடம் முந்தி
இதே சுவரோரம் இருத்திவிடுவார்களென்று பயந்து
கீறல் விழுந்த முன்னங்கால் எலும்போடு
மாகாணப் போட்டியில் ஓடினேன்.
ஆறாமிடம்.
இப்போதும் மாரியில் அந்த எலும்பு
எனக்கு முன்னால் எழும்பும்.

அன்று மத்தியானம்
காவலாளி நகுலேஸ்வரனும் நானும்
வாங்கைத் தூக்கிப்போய்
முடிவுக் கோட்டருகே வாகை நிழலில் போட்டோம்.
இருப்பவள் கையில் மணிக்கூடு.
அவள் சொல்வதுதான் நேரம்.
வியாழன் ஓட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்றினேன்,
கச்சான் அடங்கியபின்.
புதன் ஓட்டமே இல்லை:
இரண்டு ஓட்டோவில் கன்னியா.
ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு.
வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு
"இது காணாது", "ஐயோ சுடுது" என்று கத்துகிறார்கள்.
ஒருத்திக்கு இதமானது அடுத்தவளைச் சுட்டது.
நான் கொப்பியில் எழுத ஏதுமின்றிக்
காலை நனைத்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டுத் திணைக்களத்தில் ஒருவர் கேட்டார்:
"ஓடாமல் இருக்கவோ பழக்கிறீங்கள், டீச்சர்?"
ஓம் என்றேன்.
இன்னும் சொல்ல இருந்தது.
தேநீர் ஆறுகிறதென்று குடித்தேன்.

இப்போது கைகளில் அசிங்கமான எண்கள்.
அறுபத்தாறு, பொருளியல் சோதனை.
எழுபது, கட்டாரிலிருந்து அண்ணன் போன் எடுக்கவில்லை.
ஐம்பத்தொன்பது, சும்மா.
எல்லாவற்றையும் நம்புகிறேன்.
தண்ணீரை நேரத்துக்கு வரவைக்க என்னால் முடியாது.
நீர் வழங்கல் சபைக்கு எழுதிய கடிதம்
எங்கோ ஆழ்ந்த ஓய்வில் இருக்கிறது.
தண்ணீர் பிடித்த நாட்களில் ரிஸ்லா
ஆறரைக்கு வருகிறாள். ஒருவரும் கேட்பதில்லை.

இன்று கையை விரித்தாள்.
வெறுங்கை.
"நித்திரையாப் போயிட்டன் டீச்சர்.
உம்மாதான் எழுப்பினா. எண்ண மறந்திட்டன்."
கன்னத்தில் பாயின் கோடு.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
எட்டு மணிக்குக் கச்சான் கிளம்பிவிடும்.
"மூன்று சுற்று," என்றேன். "மெதுவாக.
மான் குறுக்கே வந்தால் நில்."