இரண்டு மில்லிமீட்டர்

வியாழக்கிழமைக் கூட்டத்தில்
அவள் பெயரை யாரும் சொல்லவில்லை.
மார்பின் பத்தாவது முள்ளெலும்பு என்றார்கள்.
சிறுநீரகத்திலிருந்து வந்தது என்றார்கள்,
ஊர் மாறிக் குடிவந்தவரைப் பற்றிப் பேசுவதுபோல.
திரையில் அந்த எலும்பு
எலி கொறித்த ரஸ்க்.
அதன் பின்னே, தண்டுவடத்தின்மேல்
சாய்ந்திருந்தது கட்டி,
நெரிசல் பேருந்தில்
தோளில் தூங்கிப்போன அந்நியனாக.

முதலில் சிமெண்டா, கதிரா?
இருபது நிமிடம் வாதாடினோம்.
கதிர் முந்தினால் எலும்பு நொறுங்கலாம்.
முதுகை நீளக் கிழித்தால்
காயம் ஆறும்வரை கதிர் காத்திருக்கும்,
கட்டி காத்திருக்காது.
பேனா மூடியைக் கடித்தபடி
அறுவை மருத்துவர் கிளெமென்சிச் என்னைக் கேட்டாள்:
உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

நான் கணக்குப் போடுகிறவள்.
ஒரு கதிர் எங்கே விழும், எங்கே தேயும்,
எந்தக் கோட்டைத் தாண்டினால்
ஒரு மனுஷி இனி நடக்கமாட்டாள்,
அதுதான் என் சம்பளம்.
வடத்துக்கும் கட்டிக்கும் நடுவே
இரண்டு மில்லிமீட்டர், என்றேன்,
கடையில் ரிப்பன் கேட்பதுபோல.

செவ்வாயன்று வெட்டிக் கொடுத்தாள்.
சுண்டுவிரல் நகத்தளவுத் துளைகள்,
குழாய் முனையில் ஒரு கேமரா,
சுரண்டிச் சுரண்டி ஒரு சந்து.
எலும்புக்குள் சிமெண்ட்.
மேலும் கீழும் கார்பன் திருகுகள்;
உலோகம் என் படங்களில் நிழல் எறியும் என்று
நான் நச்சரித்ததால்.
மூன்றாம் நாள் அவள் நடந்தாள்.
பத்தாம் நாள் என்னிடம் வந்தாள்.

ஒந்தீனா ஜுதீனி, எழுபத்தொரு வயது.
திரியெஸ்தே துறைமுகத்தில் நாற்பது வருடம்
காப்பி மூட்டைகளை எடை போட்டவள்.
முதல் கேள்வியே அதுதான்:
என் முதுகில் எத்தனை கிராம் ஊற்றினீர்கள்?
ஆறு இருக்கும், என்றேன்.
உதட்டைப் பிதுக்கினாள்.
ஒரு எஸ்பிரசோவுக்கே காணாதே.

காற்றை உறிஞ்சியதும்
உடம்பின் அச்சாக இறுகும் மெத்தையில் படுத்தாள்.
வெளியே போரா அடித்துக்கொண்டிருந்தது.
மலையிலிருந்து இறங்கும் அந்தக் காற்று
அன்று இரண்டு ஸ்கூட்டர்களையும்
ஒரு பூக்கடைக் குடையையும் கொண்டுபோனது.
முன்பெல்லாம் இந்த நாட்களில்
தெருமுனைகளில் வடம் கட்டுவார்கள், என்றாள்,
பிடித்துப் பிடித்து வேலைக்குப் போவேன்.
அசையாதீர்கள், என்றேன்.

இரண்டாம் நாள் இருமினாள்.
எந்திரம் நின்றது.
எண் ஒளிர்ந்தது: ஒன்றரை.
என்னிடம் இருந்ததே இரண்டு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
என் கழுத்து வியர்த்ததை
அவளிடம் சொல்லவில்லை.
மறுபடி படம், மறுபடி திருத்தம்,
மேசை ஒரு மயிரிழை நகர்ந்தது.
ஒலிபெருக்கியில் அவள் குரல்:
மூட்டையை மறுபடி தராசில் ஏற்றுகிறீர்களா?

மூன்று நாள், ஒன்பது ஒன்பதாக.
முடிந்தது என்றோம். முடிந்தது என்றால்
அந்த எலும்பில் மட்டும்.

ஜூனில்
ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே
வெள்ளைச் சுவர் நிற்கும் அந்தக் குளிக்கும் கடற்கரை.
முதலில் தெரிந்தது முதுகு.
இருபுறமும் சிறு தழும்புகள்,
பொத்தான் பிய்ந்த இடங்கள்போல.
என்னை அறியாமல் மேலிருந்து எண்ணினேன்,
பத்தில் நின்றேன்.
திரும்பினாள். முகம் எனக்குச்
சட்டென்று பிடிபடவில்லை,
அவள்தான் என்னை அடையாளம் கண்டாள்.
சுவரைக் காட்டிச் சிரித்தாள்:
கொஞ்சம் இடைவெளி இருந்தால்
எல்லோரோடும் வாழலாம்.

இடுப்பில் புதிதாக ஒரு புள்ளி.
போன வாரப் படத்தில் நானும் பார்த்திருந்தேன்.
செவ்வாய் பத்தரைக்கு, என்றாள் அவளே,
தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டே.
பிறகு தண்ணீரில் இறங்கினாள்,
மிதவைகள் கோத்த வடம்வரை போய்
அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் அங்கேயே இருந்தாள்.
கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று
நான் அளக்கவில்லை.