ஏற்றுக்கூலி

கோல்க்யாவிலிருந்து டார்ட்டுவுக்குப்
புகைபோட்ட மீன் ஏற்றுகிற வேன் என்னுடையது.
வருஷத்துக்கு இரண்டு முறை
கிளிகேரியாவின் படங்களும் அதில் வரும்.
மீன்வாடை ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டேன்.
ஏற்கெனவே ஒட்டித்தான் இருக்கிறது என்றாள்.

உண்மைதான்.
செதில்களை அலசிக் காயவைத்துப்
பசையில் ஒவ்வொன்றாகப் பதிப்பாள்.
அதன்மேல் கிழிந்த வலையின் நூல்.
அதன்மேல் வெங்காயச் சருகை வேகவைத்த சாறு,
ஏழு பூச்சு, சில நாள் பதினொன்று.
(ஈஸ்டருக்கு முட்டை சாயமேற்றும் வாரத்தில்
எங்கள் தெரு முழுக்க
அந்த நிறத்தில்தான் கைகள் இருக்கும்.)
அப்புறம் மெழுகு.
ஜெபக்கூடத்தில் எரிந்து மிஞ்சிய அடிக்கட்டைகளைத்
தகர டப்பாவில் சேர்த்துக் கொடுப்பார் யெவ்சேய்.
உருக்கித் திரும்பத் திரி போடுகிறாள் என்று
இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.
நான் ஏன் சொல்லப்போகிறேன்.

ஒரு தடவை படத்தை வேனில் ஏற்றும்போது
வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்
"இதில் யார் இருக்கிறார்கள்?" என்றேன்.
கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.
வீட்டின் கிழக்கு மூலையில் திருவுருவப் பலகை.
முந்நூறு வருஷத்துப் புகை.
கண் இல்லை, தாடி இல்லை, ஒளிவட்டம் இல்லை,
கருப்பு மட்டும்,
ஓரத்தில் நகக்கண் அளவு பொன்.
"இதற்கு முன்னால் நெற்றி தரையில் படக் குனிகிறோமே,
யாரை என்று
நீ எப்போதாவது கேட்டாயா?"

கேட்டதில்லை.

மார்ச்சில் ஏரி பிளக்கும் இரவுகளில்
அவள் ஜன்னல் அணைவதில்லை.
கரையோரம் போகும்போது பார்த்திருக்கிறேன்.
பூசுவதைவிடச் சுரண்டுவதே அதிகம்.
மீன் அறுக்கும் கத்தியால்
மூன்று வாரத்து மெழுகை
ஒரே இழுப்பில் வழித்தெறிவாள்.
தூரத்தில் பனி முறியும்.
கத்தி நிற்கும்.
மறுபடி முறியும்வரை
மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியாது.

இந்தத் தடவை குளிர் இருபத்திரண்டு டிகிரி.
பக்கத்து இருக்கையில் தூங்கிப்போனாள்.
பாவமாக இருந்தது, ஹீட்டரைக் கூட்டினேன்.
கண்காட்சிக் கூடத்து வாசலில் கதவைத் திறந்தால்
பெரிய படத்தில் மெழுகு உருகி,
செதில், நூல், சாயம் எல்லாவற்றின் மீதும்
ஒற்றைக் கோடாக வழிந்து
உறைந்திருக்கிறது.
போதாததற்கு
அதைத் தலைகீழாக வேறு ஏற்றியிருக்கிறேன்.
பின்பக்கத்து அம்புக்குறி தரையைக் காட்டுகிறது.

இந்த முறை கூலி கேட்பதில்லை,
அடுத்த முறையும் இல்லை
என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
மார்ட்டும் கெர்ஸ்டியும் சுமந்துபோய்
அம்பு பார்த்து நேராக மாட்டினார்கள்.

வழிந்தது
இப்போது மேலே போய்க்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் நின்றாள்.
கோட்டின் நுனியை விரலால் தொட்டு
முகர்ந்து பார்த்தாள்.
கெர்ஸ்டி பேனாவோடு காத்திருந்தாள்,
படத்துக்குப் பெயர் எழுத.
"அப்புறம்" என்றாள் கிளிகேரியா.
அதையே பெயராக எழுதிக்கொண்டுவிட்டாள் கெர்ஸ்டி.

திரும்பும்போது வேன் காலி.
வர்ன்யா தாண்டும்வரை பேச்சில்லை.
கூலியைச் சில்லறையாக எண்ணி
என் கோட்டுப் பைக்குள் போட்டாள்.
பிறகு,
பின்னால் ஒரு மீன்கூடக் கிடையாது,
கண்ணாடிக்கு வெளியே வெள்ளை, வெள்ளை,
"ஹீட்டரைப் போடேன்" என்றாள்.