இரண்டு பாகம்

கரையில் இருந்தால் சும்மா கிடக்கிறது.
முகத்தைத் தண்ணீருக்குள் கொடுத்து
ஒரு பாகம் இறங்கினால் முனகுகிறது.
இரண்டு பாகத்தில்
யாரோ செவிக்குள் ஆணி இறக்குகிறார்கள்.
மரிக்கொழுந்துப் பாசி கைக்கு எட்டும் தூரம்.
விட்டுவிட்டு மேலே வந்தேன்,
மூன்று நாளும்.

அடைக்கலமேரி சொன்னாள்,
உப்புத்தண்ணி வச்சுக் கொப்புளி.
சிரித்தேன். சிரித்ததற்கும் வலித்தது.
பதினாலு வயசிலிருந்து
வேறெந்தத் தண்ணியில் கிடக்கிறதாம் இந்த வாய்?

கிராம்புத் தைலம். பாம்பன் மெடிக்கலில் பச்சை மாத்திரை.
பேத்தை மீனாய்க் கன்னம் ஊதிய காலையில்
ராமநாதபுரம் பஸ்.

டாக்டர் சுல்பிகா
படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.
இடது கீழ்க்கடைவாயில் என் பல், இரண்டு வேர்.
இரண்டின் நுனியிலும்
கணவாய் மை கக்கினது போல் ஒரு கறுப்பு.

"பிடுங்கினா அறுநூறு, ஒரே தடவை.
வேருக்கு வைத்தியம்னா மூணு தடவை வரணும்.
உள்ள இருக்கிற நரம்பை எடுத்து
வேரைக் கழுவி அடைச்சு
மேல தொப்பி. ஏழாயிரம்.
பல்லு நிக்கும், அதுக்கு ஒண்ணும் தெரியாது.
இப்பச் சீழை மட்டும் விடுறேன்.
யோசிங்க நம்புத்தாய்,
ஆனா ரொம்ப நாள் யோசிக்காதீங்க."

ஊசி போட்ட உதடு யாருடையதோ.
கண்டக்டரிடம் பாம்பன் என்றேன்,
பாம்மன் என்று விழுந்தது.
பாலத்தில் பஸ் ஏறியபோது கொண்டல் அடித்தது,
பாதி முகத்தில் மட்டும்.

பாசிக்குப் போகிற நாள் மாதத்தில் பன்னிரண்டு.
கழிவெல்லாம் போக நாளுக்கு ஐந்நூறு.
ஏழாயிரம் என்றால்
பதினான்கு நாள் மூச்சு.
செவ்வாய்க்கிழமை குழுக்காரி வருவாள்,
அவளுக்கு என் கன்னம் கணக்கில்லை.

களஞ்சியம் சொன்னார்,
ஒரு பல்லுதானே.

புரட்டாசியில் வள்ளத்து என்ஜினுக்கு ஹெட் போனது.
பதினோராயிரம்.
அன்றைக்கு யாரும் ஓர் இரவு யோசிக்கவில்லை.
நானே தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.
"ஒரு ஹெட்டுதானே,
பிடுங்கிப் போட்டுட்டுத் துடுப்பு வலிச்சிருக்கலாம்ல?"
அவர் கடலைப் பார்த்தார்.
கடல் அந்த நேரம் இருட்டாக இருந்தது,
பார்க்க ஒன்றுமில்லை.

வலப்பக்கத்துப் பல்லை
இரண்டாவது பிள்ளை பெற்ற வருஷம் எடுத்தார்கள்.
என்னைக் கேட்கவில்லை.
காலி பண்ணிரலாம் என்றார் ஒருவர்,
நான் வாயைத் திறந்தேன்.
அதற்கு நேர் மேலே நின்றது
துணையில்லாமல் கொஞ்சங்கொஞ்சமாய் இறங்கி
ஈறைத் தேடிக்கொண்டிருக்கிறது இன்றுவரை.
அன்றிலிருந்து எல்லாம் இடப்பக்கம்.
கருவாடு, முறுக்கு,
இரண்டு கையும் பாறையில் இருக்கும்போது
கடித்துப் பிடிக்கிற சாக்குக் கயிறு.

அன்று ராத்திரி நாக்கு தூங்கவில்லை.
போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது,
துக்கம் கேட்கப் போகிறவளைப் போல.
ஆள் இன்னும் சாகவில்லையே என்றேன்.
சாகடிக்கத்தானே ஏழாயிரம் என்றது.
சாகட்டும்,
செத்தாலும் இடத்தை விடாமல் நிற்குமல்லவா?

காலையில் போன் போட்டேன்.
மூணு பங்காத் தந்தா வாங்குவீங்களா டாக்டர்?
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பின்னால் யாருக்கோ துப்பச் சொன்னாள்.
"வாங்க. தொப்பிக் காசு மட்டும்
முன்னாடியே தந்திரணும்."

வேர் வேலை முடிந்தது.
தொப்பி இன்னும் பாக்கி.
அதுவரை அந்தப் பக்கம் எதையும் கடிக்கக் கூடாதாம்.

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள்
விரல்களுக்குத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி
இறங்கினேன்.
ஒரு பாகம்.
இரண்டு.
காது மட்டும் அடைத்தது, எப்போதும்போல.
பல்லுக்குத் தெரியவில்லை
நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று.
கயிற்றை வலப்பக்கத்து வெற்று ஈறில் கவ்விக்கொண்டு
கையை நீட்டினேன்.