வியாழக்கிழமைத் தொட்டி

வியாழன் எனக்கு விடுமுறை.
டிராம் இல்லை, மணி இல்லை,
கதவு மூடுகையில் கையை நீட்டி ஓடிவரும் ஆட்கள் இல்லை.
தொட்டியைத் தூக்கிச் சமையலறை மேசைமேல் வைக்கிறேன்.
மூன்று நத்தைகள், ஆப்பிரிக்கச் சாதி.
பெரியது என் முஷ்டியைவிடக் கொஞ்சம் பெரிது.

மேல்மாடி ராதோஷ் விட்டுப்போனவை.
ராட்டர்டாமில் கப்பல் பட்டறை, மூன்றே வாரம் என்றான்.
வூட்ஜ் நகரத்தில் இது இரண்டாவது பனி.
மூடிமேல் ஒட்டியிருந்தான்: சோப்பு கூடாது.
கூடாது என்பதற்குக் கீழே மூன்று கோடு.
என்னிடம் வாங்கிய நானூறைப் பற்றி
ஒரு கோடும் இல்லை.

முதலில் வாளிக்கு மாற்றவேண்டும்.
ஓட்டைப் பிடித்து இழுக்கக் கூடாது,
உள்ளே எதுவோ கிழிந்துவிடும்.
விரலை நனைத்துப் பாதத்தின் ஓரமாய்ச் செருகி
கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில்
ஈரம் நுழையக் காத்திருக்கவேண்டும்.
ஒரு கட்டத்தில் அதுவே சரி போ என்று விடும்.
நானும் செவெரினும் இப்படியா பிரிந்தோம்?
அதை விடுங்கள்.

மண்ணைக் கிளறினால்
வாடிய வெள்ளரித்தோலுக்கு அடியில் முட்டைகள்,
ஊறிப் பருத்த ஜவ்வரிசி மாதிரி.
நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்குமாம்.
எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று.
உயிரோடு குப்பைக்குப் போகக் கூடாது,
ஒன்று தப்பினாலும் நாளைக்கு நூறு.
தயிர் டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்தேன்,
பியெரோகிக்கும் பட்டாணிப் பைக்கும் இடையில், இரண்டு நாளைக்கு.
மூடிமேல் எழுதினேன்: தின்னாதே.
தனியாக இருப்பவள்
யாருக்கு எழுதினேன் தெரியவில்லை.

கண்ணாடிக்கு வெந்நீரும் பழைய பனியனும் போதும்.
காய்ந்த சளித்தடங்கள் சுற்றிச் சுற்றிப் போகின்றன,
புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கின்றன.
சிரிக்க எனக்கு உரிமை இல்லை.
பதினாறு வருடமாக ஒரே தடத்தில் ஓட்டுகிறேன்.

தென்னை நார்த்தூள் செங்கல் மாதிரி வருகிறது,
ராத்திரியே பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றினால்
முனகிக்கொண்டு உப்புகிறது.
தென்னையை நான் நேரில் பார்த்ததில்லை.
பொட்டலத்தில் படம் இருக்கிறது:
ஒல்லி, உயரம்,
தலைவாராமல் வேலைக்கு வந்தவன் போல.
கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டை நிற்கவேண்டும்,
சொட்டக் கூடாது.
மூலையில் கணவாய் ஓடு. தண்ணீர்த் தட்டு. புது வெள்ளரி.

சின்னதைக் கடைசியில்தான் எடுத்தேன்.
கனமே இல்லை.
வாசலில் வெள்ளைக் காகிதம் ஒட்டினாற்போல் ஒரு மூடி.
போன வாரம் நான் இரட்டை ஷிப்ட்.
வந்து ஷூவோடு படுத்தேன், ஷூவோடு எழுந்தேன்.
தெளிக்கவில்லை.
ரேடியேட்டர் பக்கத்து மண் பிஸ்கட் ஆகியிருந்தது.

மோந்து பார்த்தேன்.
செத்தது என்றால் வீடே நாறும்.
இது மழை நின்ற நடைபாதை வாசம்.
சூப் தட்டில் அரை அங்குலம் வெதுவெதுப்பான நீர்,
அதில் ஓட்டைச் சாய்த்துவைத்து
எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அப்போது பார்த்து ராதோஷின் போன்.
எப்படி இருக்கிறார்கள்?
தொட்டி கழுவுகிறேன் என்றேன்.
அவன் அங்கத்திய காற்றைச் சொன்னான்,
அறையில் உடனிருப்பவனின் குறட்டையைச் சொன்னான்,
வசந்தத்தில் வருவேன் என்றான்,
எந்த வசந்தம் என்று சொல்லவில்லை.
காகிதத்தில் ஒரு விரிசல்.
ஒரு நுரைக்குமிழி, உடைந்து, இன்னொன்று.
போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு
மூச்சைப் பிடித்தேன்.
ஒரு கொம்பு வந்தது. ஒன்றே ஒன்று.
நுனியில் கண்.
என்னைத் தாண்டி வெள்ளரிப் பக்கம் திரும்பியது.

மூன்று, என்றேன்.
என்ன மூன்று?
மூன்றும்.

மூடியை அழுத்தி, மேலே தடித்த அகராதியை வைத்தேன்.
தள்ளித் திறந்துவிடுவார்கள், அவ்வளவு பலம்.
நாளைக்கு முதல் வண்டி நாலு பத்துக்கு.
மறக்காமலிருக்க
தெளிப்பானை வலது ஷூவுக்குள்
நிறுத்திவைத்திருக்கிறேன்.